மூன்று காசும் ஒரு கேள்வியும்: யீ ஜிங்கிடம் பணத்தைப் பற்றிக் கேட்பது (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

நான் சிங்கப்பூரில் கணக்கு வேலை பார்க்கிறேன். பல வருடங்களுக்கு முன், பக்கத்து மேசைச் சீன நண்பர் ஒருவர் மதிய இடைவேளையில் மூன்று காசைக் குலுக்கிப் போட்டார். காகிதத்தில் கோடு கிழித்தார். ஒரு பழைய புத்தகத்தைப் புரட்டினார். கார் வாங்குவதை அடுத்த வருடத்துக்குத் தள்ளிவைத்தார். அன்றைக்கு எனக்கும் தொற்றிக்கொண்டது. இதைப் பற்றிப் பேச்செடுத்தாலே எல்லோரும் கேட்பவை கிட்டத்தட்ட ஒரே கேள்விகள்தான். அவற்றை இங்கே திரட்டியிருக்கிறேன். எந்த ஷேர் ஏறும் என்று தெரிந்துகொள்ள வந்தவர்கள் இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம், ஏமாற்றம் மிஞ்சும்.

யீ ஜிங் என்றால் என்ன?

நம்மவர்கள் ‘ஐ சிங்’ என்று படிப்பதும் இதைத்தான். மாற்றங்களின் நூல் என்று பொருள். ஒரு முழுக்கோடு யாங். நடுவில் உடைந்த கோடு யின். இப்படி ஆறு கோடுகளைக் கீழிருந்து மேலாக அடுக்கினால் மொத்தம் 64 வடிவங்கள் கிடைக்கும். ஒவ்வொரு வடிவத்துக்கும் குவா என்று பெயர். குவா ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்ன வாசகம் உண்டு, அதன் ஆறு கோடுகளுக்கும் தனித்தனியாக வாசகம் உண்டு. ஆகக் கோட்டு வாசகங்கள் மட்டும் 384.

வாசகங்கள் மொட்டையாக இருக்கும். “குதிரை தொலைந்தது, துரத்தாதே, தானே திரும்பும்” என்று ஒன்று. “அடர்ந்த மேகம், மழை இல்லை” என்று இன்னொன்று. நம் ஜாதகத்தைப் போலப் பிறந்த நேரமோ, ராசியோ, கிரகமோ இதற்குத் தேவையில்லை. கேட்பவரிடம் ஒரு கேள்வி இருந்தால் போதும்.

எவ்வளவு பழையது?

ஃபூ ஷி என்ற புராண கால அரசர் மும்மூன்று கோடுகளால் ஆன எட்டு அடிப்படை வடிவங்களை வரைந்தார், சோவ் வம்சத்து வென் மன்னர் சிறையில் இருந்தபோது 64 குவாக்களுக்கு வாசகம் எழுதினார், கன்ஃபூசியஸ் உரை எழுதினார் என்பது மரபுக் கதை. மூல வாசகம் மேற்குச் சோவ் காலத்தது, அதாவது 2,700, 2,800 ஆண்டுகளுக்கு முந்தையது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ‘பத்துச் சிறகுகள்’ எனப்படும் உரைகள் பல நூற்றாண்டுகள் கழித்துச் சேர்ந்தவை. கி.மு. 213இல் ச்சின் பேரரசில் நூல்களை எரித்தபோது குறி பார்க்கும் நூல்களுக்கு விலக்குக் கொடுத்ததால் இது தப்பியது. கி.மு. 136இல் ஹான் பேரரசர் வூ காலத்தில் ஐந்து செவ்வியல் நூல்களில் ஒன்றாக அரசு ஏற்பும் பெற்றது. 1973இல் சாங்ஷா நகரத்தை ஒட்டிய மாவாங்துய்யில் கி.மு. 168இல் மூடப்பட்ட கல்லறையிலிருந்து பட்டுத்துணியில் எழுதிய பிரதி கிடைத்தது. அதில் குவாக்களின் வரிசையே வேறு.

சரி, இதற்கும் பணத்துக்கும் என்ன சம்பந்தம்? தத்துவப் புத்தகம் என்றல்லவா சொல்கிறார்கள்?

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். இன்றைக்குச் சீன வங்கி எதற்குள் போனாலும் ‘லி ட்சாய்’ என்ற சொல் சுவரெல்லாம் இருக்கும். சொந்தப் பணத்தை நிர்வகிப்பது, முதலீடு செய்வது எல்லாவற்றுக்கும் அதுதான் சொல். அந்தச் சொல் வருவது இந்த நூலின் ‘பெரிய உரை’ என்னும் பகுதியிலிருந்து. அங்கே ஒரு கேள்வி: மக்களை ஒன்றுசேர்ப்பது எது? பதில்: செல்வம். அடுத்த வரி: செல்வத்தை ஒழுங்குபடுத்துவது, சொற்களை நேராக்குவது, மக்கள் தவறு செய்யாமல் தடுப்பது, இதுவே நேர்மை.

செல்வத்தை ஒழுங்குபடுத்துவதும் சொல்லை நேராக்குவதும் ஒரே மூச்சில் வருகின்றன, பாருங்கள். இந்த நூலைப் பணவிஷயத்துக்கு எடுப்பவர்கள் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு உதவியது இரண்டாவது பாதிதான். கேள்வியை நேராக எழுதினால் பாதிச் சிக்கல் காசு போடுவதற்கு முன்பே அவிழ்ந்துவிடுகிறது. கீழே உதாரணத்தில் இதைக் காட்டுகிறேன்.

அதே உரையில் சந்தை பிறந்த கதையும் உண்டு. ஷென் நோங் என்ற பழங்காலத் தலைவர் உச்சிவேளையில் சந்தை கூட்டினார், நாலா திசையிலிருந்தும் மக்களும் சரக்கும் வந்தன, மாற்றிக்கொண்டு அவரவர் வழியே போனார்கள், இந்த யோசனை அவருக்கு 21ஆவது குவாவிலிருந்து வந்தது என்கிறது உரை.

நூலுக்குள்ளும் காசு இருக்கிறது, சோழியாக. நம்மூரில் சோழி உருட்டிக் குறி பார்ப்பார்கள். அந்தக் காலச் சீனாவில் சோழியே செல்வம். 41, 42 ஆகிய இரு குவாக்களிலும் “பத்துக் கோவைச் சோழி பெறும் ஆமை” ஒன்று பரிசாக வருகிறது. ஆமை ஓட்டைச் சுட்டுக் குறி பார்த்த காலம் என்பதால் அதற்கு அவ்வளவு விலை. சீன எழுத்தில் செல்வம், சரக்கு, வாங்குதல், வறுமை ஆகியவற்றின் பழைய வடிவங்கள் எல்லாவற்றிலும் சோழியின் உரு இன்னும் ஒட்டியிருக்கிறது. வறுமை என்ற எழுத்தில் மேலே ‘பிரி’, கீழே ‘சோழி’. பாகப்பிரிவினை பார்த்தவர்களுக்கு விளக்கம் வேண்டாம்.

எப்படிப் போடுவது?

பழைய முறைக்கு ‘யாரோ’ (yarrow) என்னும் செடியின் 50 தண்டுகள் வேண்டும். ஒன்றை ஒதுக்கிவிட்டு 49ஐப் பிரித்துப் பிரித்து எண்ண வேண்டும். அரைமணி நேரம் ஓடிவிடும். காசு முறை எளிது.

ஒரே மாதிரி மூன்று காசு. தலைக்கு 3, மறுபக்கத்துக்கு 2. மூன்றையும் ஒன்றாகக் குலுக்கிப் போட்டுக் கூட்டுங்கள். 7 வந்தால் முழுக்கோடு. 8 வந்தால் உடைந்த கோடு. 9 வந்தால் முழுக்கோடு, ஆனால் முற்றிப்போனது, உடைந்த கோடாக மாறப்போகிறது. 6 வந்தால் உடைந்த கோடு, முழுக்கோடாக மாறப்போகிறது. இப்படி ஆறு தடவை. முதல் கோடு அடியில், கோலம் போடுவதைப் போல மேலிருந்து தொடங்கினால் வேறு குவா வந்துவிடும்.

குவாவின் வாசகத்தையும், மாறும் கோடுகளின் வாசகத்தையும் படிக்க வேண்டும். பிறகு அந்தக் கோடுகளை மாற்றி வரைந்தால் இரண்டாவது குவா ஒன்று கிடைக்கும். மாறும் கோடே இல்லாமலும் வரலாம். ஆறு தடவையும் 7 அல்லது 8 மட்டுமே விழுவதற்கு வாய்ப்பு சுமார் 18 சதவீதம்.

கணக்குப் பிள்ளை என்பதால் ஒரு தகவல்: தண்டு முறையும் காசு முறையும் ஒரே வாய்ப்பைத் தருவதில்லை. காசில் 9க்கும் 6க்கும் எட்டில் ஒரு பங்கு வீதம் சமம். தண்டில் 9க்கு 16இல் 3, 6க்கு 16இல் 1.

நிஜமாக நடந்த ஓர் உதாரணம் சொல்ல முடியுமா?

மனைவியின் தம்பி ஊரில் கடை வைக்க 12,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கேட்டார். போனில் “ஆறே மாசத்துல திருப்பிடறேன் மாமா” என்றார். அன்று இரவு நோட்டில் முதலில் எழுதிய கேள்வி: “மச்சானுக்குக் கடன் கொடுத்தால் பணம் திரும்பி வருமா?”

எழுதிப் பார்த்ததும் அதில் கள்ளம் தெரிந்தது. வராது என்று எனக்கே தெரியும், அதைப் புத்தகத்தின் வாயால் சொல்லவைத்து மனைவியிடம் காட்ட வேண்டும், அவ்வளவுதான். அடித்துவிட்டு எழுதினேன்: “12,000 வெள்ளி கொடுத்தால் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் என்ன ஆகும்?” இதைத்தான் சொல்லை நேராக்குவது என்று புரிந்துகொண்டிருக்கிறேன்.

விழுந்தது இது. முதல் தடவை மூன்றும் தலை, 9. பிறகு 7, 8, 8, 8, 7. கீழே முழுக்கோடு இரண்டு, நடுவில் உடைந்தவை மூன்று, உச்சியில் முழுக்கோடு ஒன்று. கீழ் மூன்று கோடும் சேர்ந்தால் ஏரி, மேல் மூன்றும் சேர்ந்தால் மலை. 41ஆவது குவா, பெயர் சுன், பொருள் ‘குறைத்தல்’. மச்சானுக்குக் கடன் என்றதும் வந்த பெயரைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

சுன் குவாவின் பொது வாசகத்தில் ஓர் அழகான வரி உண்டு: படையலுக்கு இரண்டு கிண்ணம் போதும். உள்ளம் உண்மையாக இருந்தால் சிறிய படையலும் செல்லும் என்பது பொருள். மாறும் கோடு முதல் கோடு. அதன் வாசகம்: உன் வேலையை முடித்துவிட்டு விரைந்து போ, பழுதில்லை, எவ்வளவு குறைப்பது என்பதை எடைபோட்டுப் பார். நம் ஊர்ப் பேச்சில் சொன்னால், ஆற்றில் போட்டாலும் அளந்து போடு.

நான் 4,000 வெள்ளி கொடுத்தேன். கடன் என்று சொல்லவில்லை, கடைக்கு எங்கள் பங்கு என்று சொன்னேன். திரும்பி வராவிட்டாலும் தூக்கம் கெடாத தொகை அது. காசு போடாமலே இதே முடிவுக்கு வந்திருப்பேனா? வந்திருக்கலாம். ஆனால் மனைவியிடம் 12,000 என்ற எண்ணைப் பற்றிப் பேசாமல் ‘இரண்டு கிண்ணம்’ என்பதைப் பற்றிப் பேச முடிந்தது. அந்தப் பேச்சு சண்டையில் முடியவில்லை.

முதல் கோட்டை மாற்றி வரைந்தால் வருவது 4ஆவது குவா, மெங். அதைப் பற்றி அடுத்த கேள்வியில்.

பிடிக்காத பதில் வந்தால் மறுபடியும் போடலாமா?

மெங் என்றால் முதிராத அறிவு. அதன் வாசகத்தில் புத்தகமே பேசுகிறது: “முதல் முறை கேட்டால் சொல்கிறேன். இரண்டாம் முறை, மூன்றாம் முறை கேட்பது அவமதிப்பு. அவமதித்தால் சொல்ல மாட்டேன்.”

ஒரு ஷேரை விற்கலாமா என்று ஒரே ராத்திரியில் மூன்று தடவை போட்டவன் நான். மூன்றும் மூன்று விதமாக வந்தன. மூன்றாவதில் எனக்குச் சாதகமான ஒரு வரி கிடைத்தது, அதைப் பிடித்துக்கொண்டு விற்காமல் வைத்திருந்தேன். கையைச் சுட்டது. புத்தகத்தின் மேல் பழி போட வழியே இல்லை, முன்கூட்டியே சொல்லிவிட்டது.

நிலைமை உண்மையிலேயே மாறியிருந்தால் புதிய கேள்வியாக எழுதிக் கேட்கலாம். வேலை போயிற்று, வட்டி விகிதம் ஏறிற்று, இந்த மாதிரி.

4டி (நான்கு இலக்க லாட்டரி) நம்பர், மற்ற லாட்டரி, நாள் வியாபாரம் பற்றிக் கேட்கலாமா?

வேண்டாம். இதற்கு 2,500 வருடத்துக்கு முந்தைய வழக்கு ஒன்று இருக்கிறது. கி.மு. 530இல் பழைய சீனாவின் லூ நாட்டில் நான்க்வாய் என்பவர் தன் எஜமானுக்கு எதிராகக் கிளம்பத் திட்டமிட்டார். குறி பார்த்தார். “மஞ்சள் கீழாடை, மிகவும் நன்மை” என்ற வரி வந்தது. பூரித்துப்போய் ஒரு பெரியவரிடம் காட்டினார், காரியம் இன்னதென்று சொல்லவில்லை. அவர் சொன்ன பதில் பழைய வரலாற்று நூலான ‘சுவோ ஜுவான்’ல் பதிவாகியிருக்கிறது: நேர்மையான காரியம் என்றால் பலிக்கும், இல்லையென்றால் தோற்கும், ஆபத்தான குறுக்கு வேலைக்கு யீயிடம் குறி கேட்கக் கூடாது. நான்க்வாய் அந்தப் பேச்சைக் கேட்கவில்லை, தோற்றார்.

நல்ல வரி வந்ததே, பிறகு ஏன் தோற்றார் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். வரி நன்றாக இருந்தது, கேள்வி கோணலாக இருந்தது.

செலவைக் கட்டுப்படுத்த முடியவில்லை. எந்தக் குவாவைப் படிக்கலாம்?

60. காசு போடாமலே நேராக எடுத்துப் படிக்கலாம். என்னைக் கேட்டால் பட்ஜெட் பற்றி இவ்வளவு சுருக்கமாக வேறெங்கும் படித்ததில்லை.

பெயர் ஜியே. அந்த எழுத்தின் பொருள் மூங்கில் கணு. மூங்கில் நெடுநெடுவென்று வளர்ந்தாலும் சாயாமல் நிற்பது இடைக்கிடை கணு விழுவதால்தான். மாதச் சம்பளமும் ஒரு கணுதான், வாடகை தேதி இன்னொரு கணு. படம்: கீழே ஏரி, மேலே நீர். கரை தாங்கும் மட்டும்தான் ஏரியில் நீர் நிற்கும்.

பொது வாசகம்: கட்டுப்பாடு நன்மை தரும், ஆனால் கசப்பான கட்டுப்பாட்டைத் தொடரக் கூடாது. உரை சேர்ப்பது: அளவோடு ஒழுங்கு வைத்தால் செல்வத்துக்கும் கேடில்லை, மக்களுக்கும் தீங்கில்லை.

ஆறு கோடுகளையும் அடியிலிருந்து படியுங்கள். முதல் கோடு, உள்வாசலைத் தாண்டிப் போகவில்லை, பழுதில்லை. இரண்டாவது கோடு, வெளிவாசலைத் தாண்டிப் போகவில்லை, தீமை. செய்தது கிட்டத்தட்ட ஒன்றுதான், ஒரு தடவை சரி, அடுத்த தடவை தப்பு! முதல் கோட்டில் இன்னும் நேரம் வரவில்லை, கையில் பணமில்லை, வீட்டோடு இருப்பது சரி. இரண்டாவதில் நேரம் வந்துவிட்டது, அப்போதும் உள்ளேயே உட்கார்ந்திருப்பது தப்பு. வட்டிக்கடன் முழுவதும் அடைத்த பிறகும், மூன்று வருடமாக எல்லாப் பணத்தையும் சேமிப்புக் கணக்கிலேயே போட்டு வைத்திருந்த சக ஊழியர் ஒருவருக்கு இந்த வரியைக் காட்டினேன். முறைத்தார்.

மூன்றாவது, கட்டுப்படுத்தவில்லை, பிறகு பெருமூச்சு. கிரெடிட் கார்டு பில் வரும் நாள். நான்காவது நிம்மதியான கட்டுப்பாடு, ஐந்தாவது இனிப்பான கட்டுப்பாடு, ஆறாவது கசப்பான கட்டுப்பாடு. இந்த மூன்றுக்கும் உள்ள வித்தியாசத்தை வீட்டில் சோதித்துப் பார்த்திருக்கிறோம். எல்லா மாதமும் சினிமாவை நிறுத்தினோம், பிள்ளைகள் வெறுத்தார்கள், நான்காவது மாதம் மொத்தமாக உடைந்து மூன்று மாத மிச்சமும் ஒரே சனிக்கிழமையில் கரைந்தது. அது ஆறாவது கோடு. இப்போது சம்பளம் வந்த அன்றே சேமிப்புத் தொகை தானாக வேறு கணக்குக்குப் போய்விடுகிறது, மிச்சத்தை யாரும் கேள்வி கேட்பதில்லை. நான்காவது கோட்டில் இருக்கிறோம் என்று நினைக்கிறேன், ஐந்தாவதற்கு இன்னும் போகவில்லை.

மார்க்கெட் விழும்போது?

51ஆவது குவா, இடி. இரண்டாவது கோடு: இடி வருகிறது, ஆபத்து, சோழிகளை இழக்கிறாய், ஒன்பது குன்றுகள் ஏறு, துரத்தாதே, ஏழு நாளில் கிடைக்கும்.

2020 மார்ச்சில் எல்லாம் சரிந்தபோது இந்த வரியை ஒரு சீட்டில் எழுதிக் கணினித் திரையின் ஓரத்தில் ஒட்டியிருந்தேன். ஏழு நாளில் ஒன்றும் கிடைக்கவில்லை, மாதக்கணக்காயிற்று. ‘ஏழு நாள்’ என்பதை ஒரு சுற்று முடிவது என்று உரைகாரர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு அன்று உதவியது ‘குன்று ஏறு’ என்பதுதான். திரையை மூடிவிட்டு வீட்டுக்குள்ளேயே நடந்தேன், வெளியே போகத் தயங்கிய காலம்.

ஒன்றை மட்டும் எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டும். ‘துரத்தாதே, தானே திரும்பும்’ என்ற வரி உயிரோடு இருக்கும் குதிரைக்கு. பல நூறு கம்பெனிகளைச் சேர்த்து வைத்த ஃபண்ட் ஒருவேளை திரும்பும் குதிரை. கணக்கில் மோசடி செய்து மாட்டிக்கொண்ட கம்பெனியின் பங்கு செத்த குதிரை, அதற்காக வாசலில் காத்திருக்கச் சொல்லி எந்தக் குவாவும் சொல்லவில்லை.

ஏறும்போது?

முதல் குவாவின் ஆறாவது கோடு: அளவு மீறிப் பறந்த டிராகன் வருந்தும். அவ்வளவுதான்.

திடீரெனப் பணம் வந்தால் எப்படி வைத்துக்கொள்வது?

14ஆவது குவா தா யோவ், ‘பெரும் உடைமை’. அடுத்ததே 15, ‘பணிவு’. 64இல் ஆறு கோடும் நல்லதாகவே அமைந்த குவா என்று மரபில் கொண்டாடப்படுவது 15தான். அதன் படவாசகம், மிகுதியிலிருந்து எடுத்துக் குறைவில் சேர், எடைபோட்டுச் சமமாகப் பகிர் என்கிறது. முதலீட்டு ஆலோசகர்கள் வருடத்துக்கு ஒருமுறை செய்யச் சொல்லும் வேலையும் இதுதான்: ஏறியதில் கொஞ்சம் விற்று இறங்கியதில் போடுவது.

ஆனால் நான் பரிந்துரைப்பது 40இன் மூன்றாவது கோடு: முதுகில் மூட்டை, ஏறியிருப்பது சொகுசு வண்டி, கொள்ளையர் வருவார்கள். சுமை தூக்குபவன் பிரபுவின் வண்டியில் ஏறினால் கண்ணை உறுத்தும். பெரிய உரை இதற்கு விளக்கம் சொல்லும்போது, அசட்டையாகப் பூட்டி வைப்பவன் திருடனுக்குப் பாடம் நடத்துகிறான் என்கிறது. ஓ.டி.பி.யைப் போனில் வாசித்துக் காட்டுகிறவர்களை நினைத்துக்கொள்வேன்.

தொழில்முறைக் குறிகாரர்கள் ‘செல்வக் கோடு’ என்று ஏதோ பார்க்கிறார்களே?

அது வேறு ஒரு முறை. ஹான் காலத்து ஜிங் ஃபாங் பெயரைச் சொல்லி வழங்கி வருகிறது. அதில் புத்தக வாசகத்தைப் பெரும்பாலும் பார்ப்பதே இல்லை. மரம், நெருப்பு, மண், உலோகம், நீர் என்ற ஐந்து கூறுகளில் ஒன்று குவாவுக்கு உரியது, அதுதான் ‘நான்’. ஆறு கோடுகளுக்கும் அந்த ‘நானு’க்கு என்ன உறவு என்று பார்த்துப் பெயர் வைப்பார்கள்.

நான் உலோகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உலோகம் மரத்தை வெட்டும். நான் ஆளுவது செல்வம், ஆகவே மரக்கோடு செல்வக் கோடு. (அதன் முழுப்பெயர் ‘மனைவி-செல்வம்’. பெயர் வைத்தவர் ஆண் என்பதில் சந்தேகமில்லை.) என்னிடமிருந்து பிறப்பது நீர், அது ‘பிள்ளைகள்’. நீர் மரத்தை வளர்க்கும், எனவே செல்வத்தின் ஊற்று பிள்ளைகள் கோடு: என் உழைப்பு, என் கையிலிருந்து பிறக்கும் பொருள். என்னைப் போலவே உலோகமாக இருப்பது ‘உடன்பிறந்தார்’. அதுவும் மரத்தை வெட்டும். ஆக, பணத்தைப் பற்றிக் கேட்கும்போது உடன்பிறந்தார் கோடு கிளம்பினால் காசு கரையும் என்பார்கள். நம் ஊரில் இதற்குப் பங்காளி என்று ஒரே சொல் போதும்.

எனக்கு மிகவும் பிடித்தது கடைசி உறவு. செல்வம் வளர்ப்பது எதை? மரம் நெருப்பை வளர்க்கும், நெருப்பு உலோகத்தை உருக்கும். என்னை உருக்கும் அந்தக் கோட்டின் பெயர் ‘அதிகாரி-பேய்’. அதிகாரிக்கும் பேய்க்கும் ஒரே பெயர், தீனி போடுவது என் பணம். வரிக் கணக்கு தாக்கல் செய்யும் மாதத்தில் இதைச் சொன்னால் அலுவலகத்தில் எல்லோருக்கும் உடனே புரிகிறது.

கோயிலில் குச்சி குலுக்கி எடுப்பார்களே, அதுவும் இதுவும் ஒன்றா? ஃபெங் சுய்?

மூன்றும் வேறு. வாட்டர்லூ ஸ்ட்ரீட்டில் கிருஷ்ணன் கோயிலுக்குப் பக்கத்திலேயே இருக்கும் குவான் யின் கோயிலில் நீங்கள் பார்ப்பது குச்சிக் குறி. எண் போட்ட குச்சிகளில் ஒன்று வெளியே விழும், அந்த எண்ணுக்கு உரிய செய்யுள் சீட்டைத் தருவார்கள். ஹாங்காங்கில் சீனப் புத்தாண்டின்போது சே குங் கோயிலில் ஊருக்காகவே ஒரு குச்சி எடுப்பது வழக்கம். 2003இல் மோசமான குச்சி வந்தது, அந்த ஆண்டு சார்ஸ் வந்தது. இதை எல்லோரும் சொல்வார்கள். பொருந்தாமல் போன வருடங்களை யாரும் சொல்வதில்லை.

ஃபெங் சுய் என்பது இடம், திசை பற்றியது. சி.எல்.எஸ்.ஏ. என்ற ஹாங்காங் தரகு நிறுவனம் 1992 முதல் புத்தாண்டுதோறும் ‘ஃபெங் சுய் குறியீடு’ என்று ஒன்றை வெளியிட்டு வந்தது. வேடிக்கைக்குத்தான் என்று அவர்களே சொன்னார்கள். வாசிப்பவர்கள் எல்லோரும் வேடிக்கையாக எடுத்துக்கொண்டார்களா என்பது வேறு விஷயம்.

படித்தவர்கள் நிஜமாகவே இதைக் கேட்டு நடந்தார்களா?

நடந்தார்கள். 12ஆம் நூற்றாண்டின் பெரும் தத்துவ அறிஞர் சூ ஷி, யீ அடிப்படையில் குறிநூல்தான், அதை மறந்துவிட்டுப் படித்தால் புரியாது என்று வாதிட்டவர். 1195இல் அரசவையில் செல்வாக்கோடு இருந்த ஒருவரைக் கண்டித்துப் பேரரசருக்கு மனு எழுதினார். மாணவர்கள் பயந்துபோய்க் குறி பார்க்கச் சொன்னார்கள். ‘பின்வாங்குதல்’ குவா வந்தது. மனுவை எரித்துவிட்டார்.

மறுபக்கமும் உண்டு. அவருக்குப் பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முந்தைய தத்துவ அறிஞர் ஷுன்ட்சி, யீயை நன்றாக அறிந்தவன் குறி பார்ப்பதில்லை என்று சொல்லிவிட்டார். எனக்கு நம்பிக்கை இல்லையே, நான் போடலாமா என்று கேட்பவர்களுக்கு இவரைத்தான் காட்டுகிறேன். போடாமல் படிக்கலாம். போட்டாலும், காசு எப்படி விழும் என்பது வெறும் வாய்ப்புதான் என்று வைத்துக்கொண்டே, விழுந்த வரியை உங்கள் கேள்வியோடு உரசிப் பார்க்கலாம். நான் செய்வது அது.

ஒருவர் கட்டணம் வாங்கிக்கொண்டு ‘செல்வக் குவா’ போட்டுத் தருகிறார், தோஷம் இருந்தால் நிவர்த்தியும் செய்கிறார். போகலாமா?

கி.மு. முதல் நூற்றாண்டில் செங்டு நகரச் சந்தையில் யான் ஜுன்பிங் என்று ஒரு குறிகாரர் இருந்தார். ஹான் வரலாற்று நூல் அவரைப் பற்றிச் சொல்கிறது. தினம் சில பேருக்கு மட்டும் பார்ப்பார். பிள்ளை வந்து கேட்டால் பெற்றோரிடம் நடந்துகொள்ளும் விதத்தைப் பற்றிப் பேசுவார், தம்பி வந்து கேட்டால் அண்ணனிடம் எப்படி இருப்பது என்று. நூறு காசு சேர்ந்ததும், இன்றைக்கு இது போதும் என்று கடையை மூடித் திரையை இறக்கிவிட்டு, மாணவர்களுக்கு லாவோட்சி என்ற பழைய ஞானியின் நூலைப் பாடம் நடத்தப் போய்விடுவார்.

நீங்கள் போகப்போகிறவர் எத்தனை மணிக்குத் திரையை இறக்குகிறார் என்று விசாரியுங்கள். மூல நூலில் நிவர்த்தி, பரிகாரம், அதிர்ஷ்டக் கல் எதுவும் கிடையாது. ‘வருத்தம் மறையும்’ என்று பல இடங்களில் வருகிறது, அதற்கு விலை போடவில்லை.

ஆப் இருக்கிறதே, அது போதாதா?

போதும். ஆனால் ஆறு தடவை குலுக்கி, கூட்டி, கோடு கிழிக்கும் பத்து நிமிடம் அதில் போய்விடுகிறது. அந்தப் பத்து நிமிடத்தில்தான் நான் இரண்டு தடவை கேள்வியை அடித்து எழுதியிருக்கிறேன்.

சதுர ஓட்டை போட்ட பழைய சீனக் காசுதான் வேண்டுமா?

வேண்டாம். சைனாடவுனில் விற்பது பெரும்பாலும் புதிதாகச் செய்து பழசாக்கியது. நான் வைத்திருப்பது மூன்று ஒரு வெள்ளிக் காசு. தனியாக ஒரு டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். சட்டைப்பையில் வைத்திருந்த முதல் மூன்றும் காப்பிக்கடையில் இரண்டு தே ஓவுக்கு (பாலில்லாத தேநீர்) போய்விட்டன.